எஞ்சின் இல்லாமல் எப்படிங்க பறக்கும்? வடசென்னைப் பிள்ளைகளும் கிளைடரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தின் மூலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில், இருபது பிள்ளைகளோடு கையால் எறியும் சின்னக் கிளைடர்களைச் செய்து பறக்கவிடுகிறோம். சங்கம் கிடையாது, பேனர் கிடையாது, தலைவர் செயலாளர் கிடையாது. நான் இளவயதில் புனேயில் கிளைடர் ஓட்டப் பழகியவன், பிழைப்பு துறைமுகத்தில். கூட இரண்டு பேர். ஒருவர் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர், இன்னொருவர் காசிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். எஞ்சினே இல்லாத விமானத்துக்கு எஞ்சின் மெக்கானிக் எதற்கு என்று கேட்டால், "அதான் எனக்கு லீவு" என்பார்.

பந்து விளையாட வருபவர்கள், பிள்ளைகளின் அம்மா அப்பாக்கள், ரோந்து வரும் காவலர் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். வாராவாரம் சொன்னதையே சொல்வதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன்.

கிளைடர் என்றால்? மலையிலிருந்து துணியைக் கட்டிக்கொண்டு குதிப்பார்களே, அதுவா?

அது பாராகிளைடிங். ஏலகிரியில் பார்த்திருப்பீர்கள். கிளைடர் முழு விமானம். இறக்கை, வால், கண்ணாடி மூடிய காக்பிட், கையில் ஸ்டிக், காலில் வாலின் சுக்கானைத் திருப்பும் ரட்டர் பெடல் எல்லாம் உண்டு. எஞ்சின் மட்டும் கிடையாது. உலகெங்கும் பயிற்சிக்கு ஓடும் ஏ.எஸ்.கே. 21 என்ற ஜெர்மன் கிளைடரில் இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரலாம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறக்கை 17 மீட்டர், அதாவது நம் மாநகரப் பேருந்தை விட நீளம்.

எஞ்சின் இல்லாமல் மேலே எப்படிப் போகும்?

இதில் இரண்டு கேள்வி இருக்கிறது: ஏறுவது எப்படி, ஏறிய பிறகு நிற்பது எப்படி.

ஏறுவது சுலபம். காசிமேட்டில் வலை இழுக்கும் வின்ச்சைப் பார்த்திருப்பீர்கள். அதே சங்கதிதான், கொஞ்சம் பெரியது. மைதானத்தின் ஒரு கோடியில் வின்ச், மறுகோடியில் கிளைடர், நடுவில் ஒரு கிலோமீட்டர் கயிறு. வின்ச் சுருட்டச் சுருட்ட, காத்தாடி எழும்புவது போலவே கிளைடர் எழும்பும். ஒரு நிமிடத்துக்குள் 300, 400 மீட்டர் உயரம் வந்துவிடும். அங்கே விமானி கயிற்றைக் கழற்றிவிடுவார். இன்னொரு வழி, எஞ்சின் உள்ள சின்ன விமானம் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவது. அதற்குச் செலவு அதிகம்.

மேலே நிற்பதுதான் விளையாட்டு. கொடுங்கையூர் குப்பைமேட்டுக்கு மேலே பகல் பதினொரு மணிக்குப் பருந்துகள் சுற்றுவதைப் பாருங்கள். ஒன்றுகூட இறக்கை அடிக்காது, ஆனால் வட்டம் போடப்போட உயர்ந்துகொண்டே போகும். வெயிலில் சூடான தரை தன் மேலிருக்கும் காற்றையும் சூடாக்க, அந்தக் காற்று தூணாகக் கிளம்பி மேலே போகிறது. இதைத் தெர்மல் என்கிறோம். பருந்து அந்தத் தூணுக்குள் சுற்றுகிறது. கிளைடர் எப்போதும் கீழே இறங்கிக்கொண்டுதான் இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிட வேகமாக ஏறினால் கிளைடரும் சேர்ந்து ஏறிவிடும். மேலே போகும் எஸ்கலேட்டரில் மெதுவாகக் கீழ்நோக்கி நடந்து பாருங்கள், புரிந்துவிடும். (சென்ட்ரல் மெட்ரோவில் ஒரு பையன் நிஜமாகவே செய்து பார்த்து காவலாளியிடம் திட்டு வாங்கினான். பொறுப்பு எங்களுடையது.)

இன்னொரு வகையும் உண்டு. சாயங்காலம் கடக்காத்து வீசும்போது கடலைப் பார்த்து நிற்கும் ஹவுசிங் போர்டு கட்டடத்தின் கைப்பிடிச் சுவருக்கு நேர் மேலே ஒரு காக்கை அந்தரத்தில் அப்படியே நிற்கும். சுவரில் மோதிய காற்று போக இடமின்றி மேலே திரும்புகிறது. காக்கை அதில் சாய்ந்துகொள்கிறது. மலைச்சரிவில் கிளைடர்கள் மணிக்கணக்கில் பறப்பது இதே முறையில்தான்.

அப்படி எவ்வளவு தூரம் போகும்?

ஏ.எஸ்.கே. 21 ஒரு மீட்டர் இறங்குவதற்குள் ஏறக்குறைய 34 மீட்டர் முன்னே போகும். ராயபுரத்துக்கு மேல் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விட்டால், காற்றசைவு இல்லாத நாளில் பொன்னேரியைத் தாண்டி இறங்கலாம். இது கணக்குக்குச் சொன்னது, செய்ய விடமாட்டார்கள். பந்தயக் கிளைடர்கள் இதைவிட மிக நன்றாக மிதக்கும். உயரத்தில் 2018-இல் பெர்லான் 2 என்ற கிளைடர் அர்ஜென்டினாவில் மலையலைக் காற்றை, அதாவது மலையைத் தாண்டும் காற்று அலையாக மேலே எழும்புவதைப் பிடித்து 76,000 அடிக்கு மேல் போனது. பயணிகள் விமானம் பறப்பது 35,000, 40,000 அடியில். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு கணம் வாயைத் திறந்துவிட்டு, உடனே "மூச்சு எப்படி விடுவாங்க?" என்று கேட்பார்கள். ஆக்சிஜன் வைத்துக்கொண்டுதான்.

வடசென்னையில் எங்கே ஓட்டலாம்?

எங்கும் முடியாது. இதை முதல் நாளே சொல்லிவிடுகிறோம். வானம் விமான நிலையக் கட்டுப்பாட்டில் இருக்கிறது, கீழே இறங்க இடமில்லை. போதாக்குறைக்குக் கடல்காற்று. நண்பகல் வாக்கில் கடக்காத்து உள்ளே புகுந்ததும் கரையோரத் தரை குளிர்ந்து தெர்மல் செத்துவிடும். நமக்குச் சுகம், கிளைடருக்குச் சாபம்.

அரசு நடத்திய பழைய கிளைடிங் மையம் புனேயில் ஹடப்ஸரில் இருக்கிறது. அது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குச் சொந்தம். சென்ட்ரலில் ரயில் ஏறினால் சுமார் இருபது மணி நேரம். மழைக்காலத்தில் பறப்பது நடக்காது, மற்ற மாதங்களிலும் கிளம்பும் முன் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஓட்ட இடமே இல்லாத ஊரில் இதைப் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்லித் தருகிறீர்கள்?

அவர்களுக்குப் பாதி ஏற்கெனவே தெரியும் என்பதால்தான்.

காத்தாடி விட்ட கையைக் கவனித்திருக்கிறீர்களா? நூலை எப்போது இழுப்பது, எப்போது லொட்டாயிலிருந்து (நூல் சுற்றிய உருளை) தாராளமாக விடுவது, சூத்திரத்தை (காத்தாடியில் நூல் மாட்டும் கட்டு) எவ்வளவு மேலே கட்டினால் காத்தாடி தலையைத் தூக்கும், எங்கே கட்டினால் குட்டிக்கரணம் அடிக்கும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமல் வந்த அறிவு. வாடை எது, கொண்டல் எது என்று தாத்தாவிடம் கேட்டே வளர்ந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்துவிட்டு, "கீழ காத்து இப்படிப் போவுது, மேல வேற பக்கம் போவுது" என்றாள். புனேயில் இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது.

கிளைடரின் முன் கண்ணாடிக்கு வெளியே நாலு விரல் நீளத்துக்கு ஒரு கம்பளி நூலை ஒட்டியிருப்பார்கள். பறக்கும்போது அது நேராக இருந்தால் சரியாகப் பறக்கிறோம். ஒரு பக்கம் சாய்ந்தால் விமானம் பக்கவாட்டில் வழுக்குகிறது, காலால் சரிசெய்ய வேண்டும். லட்சக்கணக்கில் விலைபோகும் கிளைடரிலும் அந்த நூல்தான். இதைப் படத்தில் காட்டியதும் எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட விளக்கம் தேவைப்படவில்லை.

மாஞ்சா விஷயமும் இருக்கிறது. கண்ணாடித் தூள் பூசிய நூல் பைக்கில் போனவர்களின் கழுத்தை அறுத்து உயிரே போயிருக்கிறது. சென்னைக் காவல்துறை தடை போட்டிருக்கிறது. தடை சரிதான். ஆனால் "டீல்" போட்ட, அதாவது அடுத்தவன் காத்தாடி நூலை அறுத்து விளையாடிய பையனிடமிருந்து லொட்டாயைப் பிடுங்கிவிட்டு, அந்தக் கைக்கு வேறு என்ன கொடுத்தோம்? நாங்கள் ஒரு கிளைடரைக் கொடுக்கிறோம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏதுங்க? இரண்டு வாரத்தில் போனுக்குத் திரும்பிவிட மாட்டார்களா?

எனக்கு அதிகம் கோபம் வரும் கேள்வி இது. வெளிநாட்டுக் கிளைடர் கிளப்புகளிலும் தலை நரைத்தவர்கள் உட்கார்ந்து இதையேதான் புலம்புகிறார்கள்: இளைஞர்கள் வருவதில்லை, வந்தாலும் நிற்பதில்லை என்று. வருகிறார்கள். நாம்தான் காக்கவைத்து அனுப்பிவிடுகிறோம்.

எனக்குத் தெரிந்த கதை ஒன்று. பல வருடம் முன்பு வடக்கே ஒரு பயிற்சி மைதானத்துக்கு நம் பகுதியிலிருந்து மூன்று பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். இடத்தின் பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்குப் போய் நின்றோம். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பறந்தார்கள், டீ குடித்தார்கள், காற்று எப்படி என்று பேசினார்கள். எங்கள் பிள்ளைகளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அதைத் தொடாதே" என்பது மட்டும் இரண்டு முறை காதில் விழுந்தது. மதியம் மூன்று மணிக்கு மேகம் சூழ்ந்துவிட்டது, அன்றைய பறத்தல் முடிந்தது. திரும்பும் ரயிலில் ஒருவன் கேட்டான்: "அண்ணே, நாம எதுக்கு வந்தோம்?" மூவரில் யாரும் அப்புறம் கிளைடர் பேச்சை எடுக்கவில்லை. அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எட்டு மணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

உண்மையில் கிளைடிங் அளவுக்கு ஆள் தேவைப்படும் விளையாட்டு குறைவு. ஒரு கிளைடர் ஏற வேண்டுமானால் இறக்கை முனையை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடவே ஓட வேண்டும், ஒருவர் கயிற்றை மாட்ட வேண்டும், ஒருவர் சைகை காட்ட வேண்டும், வின்ச்சில் ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், இறங்கிய கிளைடரைத் தள்ளிவர நாலு பேர். இத்தனை வேலையை வைத்துக்கொண்டு பிள்ளைகளைச் சும்மா நிற்கவைப்பது பாவம். இறக்கையைப் பிடித்து ஓடியவன், "நான்தான் ஏத்திவிட்டேன்" என்று வீட்டில் போய்ச் சொல்வான். அடுத்த வாரமும் வருவான்.

மைதானத்தில் எங்களுக்கு ஒரே ஒரு விதி: வந்த பத்து நிமிடத்துக்குள் கையில் வேலை, அரை மணிக்குள் ஒரு எறி. பாடம் அப்புறம். இயற்பியல் வாத்தியாருக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. விசைகளின் படம் போட்டு விளக்கிவிட்டுத்தான் எறிய வேண்டும் என்றார். இரண்டு ஞாயிறு பார்த்தபின் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். இப்போது கிளைடர் மூக்கால் குத்தியதும் பிள்ளைகளே "ஏன் சார்?" என்று ஓடிவருகிறார்கள், அப்போதுதான் சாக்பீஸ் வெளியே வரும்.

மைதானத்தில் என்ன செய்கிறீர்கள்?

மீன் பெட்டி கிளைடர். ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியின் மூடி உடைந்தால் காசிமேட்டில் தூக்கி எறிவார்கள். அதைக் கழுவிக் காயவைத்து, பழைய மின்அடுப்புக் கம்பியை பேட்டரியில் சூடாக்கி மெல்லிசாகச் சீவுகிறோம். (கம்பி வேலை பெரியவர்களுக்கு மட்டும்; தெர்மோகோல் புகையைச் சுவாசிக்கக்கூடாது என்பதால் திறந்தவெளியில்தான்.) சீவிய பலகையில் இறக்கையும் வாலும் வெட்டி, மூங்கில் குச்சியில் செருகி ஒட்ட வேண்டும். எத்தனை கழுவினாலும் லேசாக மத்தி வாசம் அடிக்கும்.

மூக்கில் களிமண் உருண்டை ஒட்டுவதுதான் நுணுக்கம். களிமண் குறைந்தால் கிளைடர் தலையைத் தூக்கும், வேகம் இழக்கும், தொப்பென்று விழும், மறுபடி தூக்கும். அலை அலையாகப் போகும் அது நிஜக் கிளைடர் "ஸ்டால்" ஆவதன், அதாவது வேகம் குறைந்து இறக்கை தாங்காமல் போவதன் சின்ன உருவம். களிமண் கூடினால் நேராகத் தரையில் குத்தும். கடலை அளவு கிள்ளி எடுத்து, எறிந்து, மறுபடி கிள்ளி, சரியான இடம் வரும்போது அது கையை விட்டுப் போய் மைதானத்தின் பாதியைத் தாண்டும். அப்போது யாரும் கத்தமாட்டார்கள். எல்லோரும் பின்னாலேயே நடப்பார்கள். ஒரு தடவை பந்து விளையாடியவர்கள்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், கோல்கீப்பர் உட்பட.

நிஜக் கிளைடர் ஓட்ட எத்தனை வயது? என்ன படித்திருக்க வேண்டும்?

இந்தியாவில் மாணவர் உரிமத்துக்கு 16 வயது, பத்தாம் வகுப்பு. மருத்துவப் பரிசோதனை உண்டு. கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் 14 வயதிலேயே தனியாகப் பறக்க விடுகிறார்கள். சைக்கிளில் வந்து இறங்கி, கிளைடரைத் தனியாக ஓட்டிவிட்டு, சைக்கிளிலேயே வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் அங்கே உண்டு. கார் ஓட்டத்தான் வயது வராது.

என் பையன் ரொம்ப ஒல்லி. பரவாயில்லையா?

பரவாயில்லை, ஈயம் வைப்பார்கள். முன் இருக்கையில் குறைந்தபட்ச எடை இல்லாவிட்டால் விமானத்தின் சமநிலை பின்னுக்குப் போய்விடும். ஏ.எஸ்.கே. 21-இல் தனியாகப் பறக்க 70 கிலோ வேண்டும். குறைவுக்கு ஈயக்கட்டியைப் பொருத்துவார்கள். களிமண் உருண்டை வைத்த பிள்ளைக்கு ஏன் என்று சொல்லவே வேண்டாம். அதிக எடைக்கும் வரம்பு உண்டு, 110 கிலோ.

ஆபத்து இல்லை என்று எழுதித் தருவீர்களா?

தரமாட்டேன். கிளைடர் விபத்தில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். மனிதன் பறக்க முடியும் என்று காட்டிய ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தாலே 1896-இல் தன் கிளைடரிலிருந்து விழுந்துதான் இறந்தார். இன்று விமானி பாராசூட் கட்டிக்கொண்டு உட்காருவார். தனியாக அனுப்பும் முன், வின்ச் கயிறு பாதி உயரத்தில் அறுந்தால் என்ன செய்வது என்று பலமுறை பழக்குவார்கள். பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து கயிற்றைக் கழற்றிவிடுவார். முதல் முறை என் வயிறு தொண்டைக்கு வந்தது. நாலாவது முறை கை தானாக ஸ்டிக்கை முன்னே தள்ளியது. அதற்குத்தான் அந்தப் பயிற்சி. தரைக்கு அருகில் வேகம் குறைந்த நிலையில் திரும்புவதுதான் பெரிய எமன். அந்த எச்சரிக்கையை மீறுகிறவர் எத்தனை வருட அனுபவசாலியானாலும் அவரோடு பிள்ளையை ஏற்றாதீர்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா?

எங்களிடம் பாதிப் பேர் பெண் பிள்ளைகள்தான். கிளைடருக்கு உடல் பலம் பெரிதாக வேண்டாம். தடை வேறு இடத்தில் இருக்கிறது: வெளியூர்ப் பயிற்சி என்றால் எங்கே தங்குவாள், யார் கூடப் போவார்கள் என்ற கேள்வி. அது நியாயமான கேள்வி. அதனால் எங்கே போனாலும் ஓர் அம்மாவாவது கூட வருவார் என்பது எங்கள் ஏற்பாடு. மைதானத்தில் கழிப்பறை உண்டா என்று முதலிலேயே விசாரித்துவிடுவோம். இளைஞர்களை ஈர்ப்பது பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுபவர்கள் கழிப்பறையைப் பற்றி ஒரு வரி எழுதி நான் பார்த்ததில்லை.

இது வெள்ளைக்காரர் விளையாட்டுதானே?

பிறந்தது அங்கே. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனிக்கு எஞ்சின் விமானம் கட்டத் தடை வந்தது. மாணவர்கள் 1920-இல் வாசர்குப்பே என்ற மலையில் கிளைடர்களோடு கூடினார்கள். ஆக, தடையில் வளர்ந்த விளையாட்டு. ஆனால் நம் நாட்டிலும் கிளைடர் கட்டியிருக்கிறோம், அதற்கு வைத்த பெயர்களைக் கேளுங்கள்: அஸ்வினி, பரணி, கார்த்திக், ரோகிணி, ஆர்த்ரா. வரிசையாக நட்சத்திரங்கள்! இவற்றில் பலவற்றை வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம். ரோகிணி 1961-இல் முதன்முதலாகப் பறந்தது. அதில் ஆசிரியரும் மாணவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். இதைச் சொன்ன அன்று ஒரு பாட்டி, "என் பேரன் ரோகிணிதான்" என்று அவனைச் சேர்த்துவிட்டுப் போனார். காரணம் எதுவானால் என்ன, வந்தான்.

செலவு?

மைதானத்தில் ஒன்றும் இல்லை. நிஜக் கிளைடரில் பறப்பது எஞ்சின் விமானப் பயிற்சியோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. நம் ஊர்க்காரருக்குப் பாரமாவது ரயில், தங்குமிடம், வேலைக்குப் போகாமல் இழக்கும் நாட்கூலி. உதவ நினைப்பவர்கள் கோப்பை, டி-ஷர்ட் எல்லாம் வாங்கித் தர வேண்டாம். ஸ்லீப்பர் டிக்கெட் வாங்கித் தாருங்கள்.

இதைக் கற்றால் பைலட் வேலை கிடைக்குமா?

நேரடியாகக் கிடைக்காது. கமர்ஷியல் பைலட் உரிமம் வேறு, அதற்குச் செலவு பல லட்சம். யாராவது கிளைடரைக் காட்டி ஏர்லைன்ஸ் வேலை என்று பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள். விமானப்படை ஆசை உள்ளவர்களுக்குச் சொல்வது: கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேருங்கள். அங்கே மாதிரி விமானம் செய்வது உண்டு, 'சி' சான்றிதழ் இருந்தால் விமானப்படைக்குத் தனி வழியும் உண்டு.

ஆனால் ஒரு கதை சொல்கிறேன். 1983 ஜூலை 23. கனடாவில் ஒரு போயிங் 767, 41,000 அடியில் பறந்துகொண்டிருக்கும்போது எரிபொருள் தீர்ந்தது. கிலோவுக்கும் பவுண்டுக்கும் குழம்பிப்போய் பாதிக்கும் குறைவாக நிரப்பியிருந்தார்கள். இரண்டு எஞ்சினும் நின்றன. கேப்டன் ராபர்ட் பியர்சன் பொழுதுபோக்குக்குக் கிளைடர் ஓட்டுபவர். கிம்லி என்ற இடத்தில் கைவிடப்பட்ட விமானத்தளத்தை நோக்கி மிதந்து வந்தார். உயரம் அதிகமாகிவிட்டது, இறங்க இடம் போதாது. கிளைடர்காரர்கள் செய்வது போல அந்த மாபெரும் விமானத்தை ஒருக்களித்துச் சரித்து உயரத்தைக் கொட்டினார். கீழே ஓடுபாதையில் கார்ப் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. முன்சக்கரம் மடங்கித் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

பிள்ளைகள் இதை மாதம் ஒருமுறை மறுபடி கேட்பார்கள். கணக்கு வாத்தியார்களுக்கும் பிடித்த கதை: அலகு எழுத மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு.

கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகலாமா?

தாராளமாக. காண்டோர் என்ற கிளைடர் சிமுலேட்டரைப் பல கிளப்புகளே பயிற்சிக்கு வைத்திருக்கின்றன. பழைய கம்ப்யூட்டரும் ஜாய்ஸ்டிக்கும் போதும். தெர்மலில் எப்படிச் சுற்றுவது, இறங்கும் முன் எப்படி வளைய வருவது என்பது படிந்துவிடும். போனைப் பிடுங்கி வைக்கும் பெற்றோருக்குச் சொல்வேன்: திரையை எதிரியாக்காதீர்கள், வாரம் ஒரு மணி நேரம் அதிலேயே பறக்கட்டும். முதுகில் இருக்கை அழுத்தும் அந்த உணர்ச்சி மட்டும் அதில் வராது.

தனியாகப் பறந்த பிறகு என்ன? அதோடு முடிந்துவிடுமே?

அங்கேதான் பாதிப் பேர் விட்டுப்போகிறார்கள், அடுத்து எதை நோக்கி என்று யாரும் சொல்லாததால். சர்வதேச அளவில் வெள்ளி பேட்ஜ் என்று ஒன்று உண்டு: 50 கிலோமீட்டர் தூரம், 1,000 மீட்டர் உயர ஏற்றம், இறங்காமல் 5 மணி நேரம். அதன் பிறகு தங்கம், வைரம். 25 வயது வரையிலானவர்களுக்கென்றே 1999 முதல் ஜூனியர் உலகப் போட்டியும் நடக்கிறது. எங்கள் மீன் பெட்டி கிளைடருக்கும் ஒரு வெள்ளி வைத்திருக்கிறோம்: பதினைந்து வினாடி மிதந்தால் வாத்தியாரின் சாக்பீஸால் கிளைடர் வாலில் ஒரு நட்சத்திரம். மூன்று பேர்தான் வாங்கியிருக்கிறார்கள். நான் வாங்கவில்லை.

நாங்களும் வரலாமா?

வாருங்கள். ஞாயிறு காலை ஆறரைக்கு, பந்து விளையாடுபவர்கள் மைதானத்தைப் பிடிப்பதற்கு முன். காற்றும் அப்போதுதான் அடங்கியிருக்கும். பிள்ளைக்குத் தொப்பி, ஒரு பாட்டில் தண்ணீர். தெர்மோகோல் மூடி கிடைத்தால் கொண்டுவாருங்கள், ஆனால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். போன மாதம் கழுவாத இறக்கை ஒன்றைப் பறக்கவிட்டோம். நன்றாகத்தான் மிதந்தது, பாதி வழியில் ஒரு காக்கை கொத்திக்கொண்டு போய்விட்டது.